புது வீடு, ஏசி அறை, ரேடன் வாயு: மட்டக்களப்பில் நாங்கள் இதைக் கவனிக்க வேண்டுமா?

வாவிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். கல்லடியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். அத்திவாரம் எழும்பி, உள்ளுக்கு மண்ணும் நிரப்பியாயிற்று. அடுத்தது தரைக்குக் கொங்கிறீட் போடுகிற வேலை. இந்த நேரம் பார்த்து, கனடாவில் இருக்கிற அண்ணன் போன் எடுத்து, "தரை போட முதல் ரேடனுக்கு ஏதாவது செய்தாயா?" என்று கேட்கிறார். அவருடைய வீட்டு நிலக்கீழ் அறையில் அளந்து பார்த்தபோது கூடுதலாக இருந்ததாம். குழாய் இறக்கி, விசிறி பூட்டித்தான் குறைத்தார்களாம்.

தேடி வாசித்தேன். மண்ணிலும் பாறையிலும் இருக்கிற யுரேனியம் சிதைந்து சிதைந்து வருகிற வாயு, நிறமும் மணமும் இல்லை, வீட்டுக்குள் தேங்கினால் சுவாசப்பைப் புற்றுநோய் வரலாம். அதுவரைக்கும் விளங்குகிறது. ஆனால் வாசித்தது முழுக்கக் குளிர் நாட்டு வீடுகளைப் பற்றியது. கடற்கரை மணலில் நிற்கிற வீட்டுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று எங்கேயும் இல்லை.

எங்கள் வீட்டில் மூன்று படுக்கையறை, இரண்டுக்கு ஏசி. அலுமினியச் சட்டம் போட்ட கண்ணாடி யன்னல். குளிர் வெளியே போய்விடும் என்று யன்னலுக்கு மேலே காற்றுக்கல் வைக்க வேண்டாம் என்றிருக்கிறார்கள். மாமனார் எங்களோடுதான் இருக்கிறார், இளவயதிலிருந்தே புகைக்கிறவர். மேசனிடம் கேட்டேன், ரேடன் என்ற பெயரையே கேள்விப்படவில்லை என்றார். தரை போட்டால் பிறகு உடைக்க முடியாது. அதனால்தான் இப்போதே கேட்கிறேன்.

மேசன்_செங்கலடி:

தங்கச்சி, நானும் கேள்விப்படவில்லை, அதனால் உங்கள் மேசனில் பிழை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று சொல்லலாம். கீழே மண்ணை நன்றாகத் தண்ணீர் விட்டு இறுக்கி, அதற்கு மேலே தடித்த பொலித்தீன் விரித்து, பிறகு கொங்கிறீட் போடச் சொல்லுங்கள். ஈரம் ஏறாமல் இருக்கத்தான் நாங்கள் இதைச் செய்கிறோம். இப்போது கனபேர் காசு மிச்சம் பிடிக்க இதை விட்டுவிடுகிறார்கள். வாயுவுக்கும் இது தடை என்றால் ஒரு செலவில் இரண்டு வேலை.

ஒலுவில்_காற்று:

எனக்கு இந்தப் பயத்தில் உடன்பாடு இல்லை. நமது ஊரில் டெங்கு இருக்கிறது, வெள்ளம் இருக்கிறது, கரண்ட் பில் இருக்கிறது. யன்னலைத் திறந்தால் கடல் காற்று. குளிர் நாட்டில் ஆறு மாதம் வீட்டைப் பூட்டி, உள்ளே சூடேற்றி இருக்கிறார்கள், அவர்களுக்கு இது பெரிய பிரச்சினைதான். அதை நம் தலையில் ஏன் ஏற்ற வேண்டும்? வீடு கட்டுகிற ஒரு பிள்ளையை இன்னும் பயப்படுத்தாமல் இருப்போம்.

பௌதிகம்_ரீச்சர்:

நானா, நீங்கள் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ரேடன்-222 வருவது யுரேனியம்-238 சிதைகிற வரிசையில், ரேடியத்துக்கு அடுத்த படியாக. வாயு என்பதால் மண் துகள்களுக்கு இடையில் நகர்ந்து மேலே வருகிறது. அரைவாழ்வுக் காலம், அதாவது இருப்பதில் பாதி சிதைய எடுக்கும் நேரம், 3.8 நாள், ஆகவே தரையைத் தாண்டி அறைக்குள் வந்து சேர அதற்கு நேரம் இருக்கிறது. குளிர் நாட்டு வீட்டில் சூடான காற்று மேலே எழும்பி வெளியேற, கீழ்த்தளத்தில் அமுக்கம் குறைந்து, வீடு மண்ணிலிருந்து காற்றை உறிஞ்சுகிறது. சிகரெட் குடிக்கிறவர் உறிஞ்சுவதுபோல. நம் வீடுகளில் அந்த உறிஞ்சல் மிகக் குறைவு. நிலக்கீழ் அறையும் கிடையாது. வெள்ளத்துக்குப் பயந்து அத்திவாரத்தை இரண்டு மூன்று அடி உயர்த்தித்தான் கட்டுகிறோம். கரையோர மணல் பெரும்பாலும் படிகக்கல் மணல், அதில் யுரேனியம் பொதுவாகக் குறைவு. திறந்த யன்னல், காற்றுக்கல், ஓட்டுக் கூரை உள்ள பழைய வீட்டில் ரேடன் தேங்க இடமே இல்லை.

மற்றப் பாதி: வாவிக்கரை கட்டுவது அந்தப் பழைய வீடு அல்ல. கண்ணாடி யன்னல், காற்றுக்கல் இல்லை, கீழ் இடுக்கு இல்லாத கதவு, இரவு முழுக்க ஏசி. பொதுவாக நாம் பூட்டுகிற ஏசி வெளியிலிருந்து புதுக்காற்று எடுக்காது. அறைக்குள் இருக்கிற அதே காற்றைத்தான் குளிர்த்திக் குளிர்த்தித் திருப்பி விடுகிறது. ஆகவே தரை வெடிப்பு வழியாகவும் சுவரிலிருந்தும் கொஞ்சமாக வருகிற வாயுவும் வெளியே போக வழியின்றிச் சேர்ந்துகொண்டே இருக்கும். வீடு மாறினால் காற்றும் மாறும். எங்கள் அப்பா காலத்து வீட்டைப் பார்த்து இன்றைய வீட்டுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சேர்க்க வேண்டும். ஏசி அறை வெளியை விடக் குளிர். குளிர்ந்த காற்றுக் கனமானது, கீழ்வழியாக வெளியே தள்ளத்தான் பார்க்கும். அதனால் மண்ணிலிருந்து உறிஞ்சுகிற வேலையை ஏசி செய்வதில்லை. காற்று மாறாமல் இருப்பதே இங்கு காரணம்.

ரொறன்ரோ_மட்டுநகர்:

நான் புளியந்தீவில் பிறந்து இப்போது ஸ்காபரோவில் இருக்கிறேன். உங்கள் அண்ணன் சொன்னது உண்மை, அக்கா. இங்கே அரசாங்கம் வைத்திருக்கும் அளவு ஒரு கனமீற்றர் காற்றில் 200 பெக்கரல். அதற்கு மேலே போனால் வீட்டைத் திருத்தச் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட கைநூலில் 100 பெக்கரலைச் சொல்கிறது, அது முடியாத நாடுகளும் 300ஐத் தாண்டக் கூடாது என்கிறது. அமெரிக்காவில் 148. கனடாவில் சுவாசப்பைப் புற்றுநோயில் 16 சதவீதம் அளவுக்கு ரேடன் காரணம் என்று சுகாதாரத் திணைக்களம் கணக்குச் சொல்கிறது.

நாங்கள் வீடு வாங்கிய பிறகு அளந்தோம். தரையைத் துளைத்து, கீழே இருந்து பிவிசி குழாய் எடுத்து, விசிறி வைத்து, மண்ணுக்குக் கீழ் உள்ள வாயுவை வீட்டுக்குள் வர முதலே வெளியே இழுத்துவிட்டார்கள். அளவு நன்றாக இறங்கியது. ஆனால் கட்டி முடிந்த வீட்டில் செய்தபடியால் காசு போனது. தரை போட முதல் குழாயை வைத்திருந்தால் அதில் சிறு பங்குதான் வந்திருக்கும் என்று வேலை செய்தவரே சொன்னார்.

வாவிக்கரை:

நன்றி தம்பி. ரீச்சர், பெக்கரல் என்றால் என்ன? 100 என்பது பெரிதா சிறிதா என்று மனதில் பிடிபடவில்லை.

பௌதிகம்_ரீச்சர்:

ஒரு செக்கனுக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல். 100 பெக்கரல் என்றால் ஒரு கனமீற்றர் காற்றுக்குள் ஒவ்வொரு செக்கனும் நூறு ரேடன் அணு உடைகிறது. ஒப்பிட்டுப் பாருங்கள்: திறந்த வெளியில் சாதாரணமாக 5 முதல் 15 பெக்கரல். உலகம் முழுவதும் வீடுகளுக்குள் சராசரி 40க்குக் கிட்ட. ஆகவே பூச்சியம் என்பது எங்கேயும் இல்லை. ஒரு மனிதருக்கு இயற்கையிலிருந்து வருடம் கிடைக்கும் கதிர்வீச்சு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவேட் (உடம்பில் கதிர்வீச்சின் தாக்கத்தை அளக்கும் அலகு), அதில் பாதிக்கு மேல் ரேடனாலும் அதன் சிதைவுப் பொருட்களாலும்தான். எக்ஸ்ரே எடுக்கப் பயப்படுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

உடம்பில் என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். ரேடன் தானாக எதனோடும் சேராத வாயு, மூச்சில் போய் மூச்சிலேயே பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். அது உடைந்து உண்டாகிற பொலோனியம்-218, பொலோனியம்-214 போன்றவை திண்மங்கள். அவை தூசியிலும் புகைத்துகளிலும் ஒட்டிக்கொண்டு மூச்சுக்குழாய்ச் சுவரில் படிகின்றன. அங்கேயே இருந்து அல்பாத் துணிக்கை என்ற கதிர்வீச்சை வெளியிடுகின்றன. அல்பாவை ஒரு தாள் தடுத்துவிடும், வெளியே இருந்தால் தோலைத் தாண்டாது. ஆனால் உள்ளே, பாதுகாப்பே இல்லாத மெல்லிய கலங்களின் மேல் இருந்துகொண்டு சுடும்போது டிஎன்ஏ முறிகிறது. 1988இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் ரேடனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் வகுப்பில் சேர்த்தது. அதற்கு அடிப்படையாக இருந்தவை பெரும்பாலும் சுரங்கத் தொழிலாளர் மீதான ஆய்வுகள். அந்த மனிதர்கள் நிலத்துக்கு அடியில் மூச்சுவிட்டுச் செத்ததால்தான் வீட்டுக்குள் இருக்கிற நமக்கு இது தெரியவந்தது.

கல்முனை_நேர்ஸ்:

வாவிக்கரை அக்கா, நான் தாதியாக வேலை செய்கிறேன். உங்கள் பதிவில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது ரேடன் இல்லை, மாமனார்.

2005இல் ஐரோப்பாவில் 13 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். வீட்டில் நீண்டகாலச் சராசரி ரேடன் 100 பெக்கரல் கூடினால் சுவாசப்பைப் புற்றுநோய் அபாயம் 16 சதவீதம் கூடுகிறது என்று வந்தது. புகைக்கிறவர், புகைக்காதவர் இருவருக்கும் கூடுகிற வீதம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் எந்த எண்ணிலிருந்து கூடுகிறது என்பதைப் பாருங்கள். 75 வயதுக்குள் சுவாசப்பைப் புற்றுநோயால் இறக்கிற வாய்ப்பு, புகைக்காதவருக்கு ரேடன் இல்லாத வீட்டில் 0.4 சதவீதம், 100 பெக்கரலில் 0.5, 400 பெக்கரலில் 0.7. தொடர்ந்து புகைக்கிறவருக்கு அதே மூன்று வீட்டிலும் 10, 12, 16.

ஆகவே உங்கள் வீட்டில் ரேடனால் மிக அதிகம் பாதிக்கப்படக்கூடியவர் அவர்தான். ரேடன் துளியும் இல்லாத வீட்டில் இருந்தாலும் அவருக்குப் பத்து. குழாய் பதிக்கிற காசை விட, அவர் புகைப்பதை நிறுத்த நீங்கள் செய்கிற உதவிதான் உயிர் காக்கும். அதற்காகக் குழாய் வேண்டாம் என்று சொல்லவில்லை, இரண்டையும் செய்யலாம். ஏசி அறைக்குள் புகைக்க விடவே வேண்டாம். அந்தப் புகைத்துகளில்தான் ரீச்சர் சொன்ன பொலோனியம் ஒட்டுகிறது, பேரப்பிள்ளைகளின் சுவாசப்பைக்கும் அதுவே போகிறது.

கனபேர் கேட்கிற இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரேடனால் இருமலோ தலையிடியோ மயக்கமோ வராது. இரத்தம் சோதித்தும் பார்க்க முடியாது. புற்றுநோய் வந்தால் பல வருடம் கழித்துத்தான் வரும். அதனால் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் ரேடனைத் தேடி அலையாமல் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் சளி சோதியுங்கள். நமது பகுதியில் காசநோய் இன்னும் இருக்கிறது.

ஒலுவில்_காற்று:

நேர்ஸ் சொன்ன கணக்கு மனதைத் தைக்கிறது. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நான் இன்னும் ரேடனை விடப் புகையைத்தான் பெரிதாக நினைக்கிறேன். விறகு அடுப்பையும் இதில் சேருங்கள், நுளம்புத் திரியையும் சேருங்கள். பூட்டிய அறைக்குள் இரவு முழுக்கத் திரி கொளுத்தி வைத்துப் பிள்ளைகளைப் படுக்கவைக்கிற வீடுகள் எத்தனை. ஒரு கேள்வி: யன்னலைத் திறந்து வைக்கச் சொல்கிறீர்கள், நுளம்புக்கு என்ன செய்வது?

கல்முனை_நேர்ஸ்:

வலைதான் நானா. யன்னலுக்கும் காற்றுக்கல்லுக்கும் நுளம்பு வலைச் சட்டம் அடித்துவிட்டால் காற்றும் வரும், டெங்கு நுளம்பும் வராது. வலை காற்றைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், பரவாயில்லை. டெங்கு நுளம்பு கடிப்பது பகலில், காலையிலும் பொழுதுபட முதலும் அதிகம். வலை இருந்தால் அந்த நேரத்திலும் யன்னலைத் திறக்கலாம். வாரம் ஒருமுறை தூசி துடைக்க வேண்டும், அடைத்துப்போன வலையால் பயனில்லை.

உகந்தை_வழி:

நான் திருக்கோவில் பக்கம். எங்கள் கரையில் இல்மனைட் அகழப் போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது, கறுப்பு மணலில் கதிர்வீச்சு இருக்கிறது என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். கடற்கரையில் கறுப்பு வரி வரியாக மணல் கிடக்கிறதைச் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறோம். அதில் நடந்தால், அதை அள்ளி வீடு கட்டினால் ரேடன் வருமா? கேரளாவில் இப்படி மணலில் இருக்கிற ஊர்களில் புற்றுநோய் இல்லை என்று ஒருவர் சொல்கிறார், இன்னொருவர் உண்டு என்கிறார். யாரை நம்புவது?

பௌதிகம்_ரீச்சர்:

நல்ல கேள்வி. இல்மனைட் என்பது இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த கறுப்புக் கனிமம், அது இங்கே பெரிய பிரச்சினை இல்லை. அதோடு சேர்ந்து ஒதுங்குகிற மொனசைட் என்ற தேன் நிறக் கனிமத்தில்தான் கதிர்வீசும் தோரியம் இருக்கிறது. நம் நாட்டுக்கும் தோரியத்துக்கும் பழைய உறவு உண்டு. 1904இல் உலகம் தெரிந்துகொண்ட தோரியனைட் என்ற கனிமம் சபரகமுவப் பக்கத்திலிருந்து கிடைத்தது. இலங்கையின் கனிம அளவீட்டுக்குத் தலைமை தாங்கிய ஆனந்த குமாரசுவாமிதான் அதை முதலில் ஆராய்ந்து விவரித்தவர். கலை எழுத்தாளராக மட்டும் அவரை அறிந்தவர்களுக்கு இது தெரியாது.

தோரியத்திலிருந்து வருவதும் ரேடனின் ஒரு வகைதான், தோரன் என்பார்கள், ரேடன்-220. அதன் அரைவாழ்வு 56 செக்கன் அளவு. ஆகவே தரைக்கு அடியிலிருந்து அறைக்குள் வந்து சேர முதல் பெரும்பாலும் அழிந்துவிடும். அறைக்குள் இருக்கிற தோரன் சுவரின் மேற்பரப்பிலிருந்தும் தரையிலிருந்தும் வந்ததாகத்தான் இருக்கும். பூச்சு இல்லாத மண் சுவரில் இது கூடுதலாக வெளிவரும், சீமெந்துப் பூச்சும் பெயின்ரும் தடுத்துவிடும். திறந்த கடற்கரையில் நடப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அங்கே காற்று நிற்பதே இல்லை. கடல் மணலை வீட்டுக்கு அள்ளக் கூடாது, அது ஏற்கெனவே உப்பினால் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், கரையையும் அரிக்கும்.

கேரளாவில் கருநாகப்பள்ளியில் நடந்தது நீண்டகால ஆய்வு. 2009இல் வெளிவந்த முடிவில் வெளியிலிருந்து உடம்பில் படுகிற காமாக் கதிரால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் அந்த ஆய்வு கேட்டது காமாவைப் பற்றிய கேள்வி. அதை எடுத்து ரேடன் பயமில்லை என்று சொல்வது பிழை. இரண்டும் உடம்புக்குள் போகிற வழியே வேறு. உங்களிடம் அதைச் சொன்ன இருவருமே பாதியைத்தான் வாசித்திருக்கிறார்கள்.

ஒலுவில்_காற்று:

அப்படியென்றால் மகா ஓயா வெந்நீர் ஊற்று? வருடத்தில் ஒருமுறையாவது பிள்ளைகளோடு போவோம். நிலத்துக்கு அடியிலிருந்து வருகிற தண்ணீர் அல்லவா.

பௌதிகம்_ரீச்சர்:

தாராளமாகப் போங்கள். பாறைக்குள் ஊடுருவி வருகிற தண்ணீரில் ரேடன் கரைந்திருக்கும், உலகம் எங்கும் அப்படித்தான். ஒஸ்ரியாவில் காஸ்ரைன் என்ற ஊரில் ரேடன் தண்ணீரில் குளிப்பதையே வைத்தியம் என்று செய்கிறார்கள், நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் திறந்தவெளி ஊற்றில் வாயு உடனே காற்றில் கலந்து போய்விடும். ஊற்றைச் சுற்றி அறை கட்டி மூடினால்தான் கதை மாறும்.

வீட்டுத் தண்ணீருக்கு வருவோம். உன்னிச்சைக் குளத்திலிருந்து வருகிற குழாய்த் தண்ணீரில் இந்தப் பிரச்சினை இல்லை, குளத்துத் தண்ணீர் திறந்த வெளியில் கிடந்து ரேடனை இழந்திருக்கும். கரையோரத்து ஆழமில்லாத மணல் கிணற்றிலும் பெரிதாக இருக்காது. கவனிக்க வேண்டியது உள்பக்கத்தில் பாறையைத் துளைத்து இறக்கிய குழாய்க் கிணறு. அம்பாறை, மகா ஓயா, உகனப் பக்கமெல்லாம் நிலத்தடியில் பழைய கருங்கல் வகைப் பாறைதான். அங்கேயும் கணக்குப் பயங்கரமில்லை. தண்ணீரில் 10,000 பெக்கரல் இருந்தால் வீட்டுக் காற்றில் ஒரு பெக்கரல் கூடும் என்பது பொதுவான மதிப்பீடு, இரண்டும் ஒரு கனமீற்றருக்கு. தொட்டியில் விழவிட்டு ஒரு நாள் வைத்தாலே ரேடன் நிறையப் போய்விடும். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்தால் மிச்சமும் போகும், மூடியைத் திறந்து யன்னல் பக்கத்தில் கொதிக்க வையுங்கள்.

மேசன்_செங்கலடி:

ரீச்சர், கருங்கல் என்றதும் ஒரு கேள்வி. இப்போது எல்லா வீட்டிலும் குசினிக்குக் கிரனைட் சிலாப் கேட்கிறார்கள். கொங்கிறீட்டுக்கும் கருங்கல் சல்லிதான் போடுகிறோம். செங்கல் இருக்கிறது, சீமெந்துக் கல் இருக்கிறது. இதிலெல்லாம் வருமா? சனம் கேட்டால் நான் என்ன சொல்ல?

பௌதிகம்_ரீச்சர்:

அண்ணே, எல்லாவற்றிலும் சிறிதளவு வரும். குசினிச் சிலாப் ஒரு சின்னப் பரப்பு, மினுக்கிய கல், அதிலிருந்து வருவது பொதுவாக மிகக் குறைவு. அதற்காக யாரும் உடைக்க வேண்டாம். உலகில் கட்டடப் பொருளால் பிரச்சினை வந்த இடங்கள் உண்டு, சுவீடனில் யுரேனியம் கூடின ஒருவகைக் கற்களால் செய்த நீல நிறக் கொங்கிறீட் வீடுகள் அப்படி. நம் சாதாரண செங்கல், ஆற்று மணல், சல்லி அந்த வகை அல்ல. வழக்கமாகப் பெரிய பங்கு தரைக்கு அடியில் இருந்துதான். அதனால் தரையில் குழாய் நுழைகிற இடம், சுவரும் தரையும் சந்திக்கிற மூலை, வெடிப்பு, இவற்றை நீங்கள் நன்றாக அடைத்துக் கொடுத்தாலே பெரிய வேலை. அடைப்பது மட்டும் போதாது, காற்றும் மாற வேண்டும்.

வாவிக்கரை:

நிறைய விளங்கிவிட்டது. அண்ணன் ஒரு டிஜிட்டல் அளவுகருவி வாங்கி, வருகிற ஆட்களிடம் அனுப்புகிறேன் என்கிறார். அதை நம்பலாமா? எங்கே வைப்பது, எத்தனை நாள் வைப்பது? இங்கேயே அளக்க ஆட்கள் இருக்கிறார்களா?

ரொறன்ரோ_மட்டுநகர்:

வீட்டுப் பாவனைக்கு அது போதும் அக்கா. ஆனால் முதல் நாள் காட்டுகிற எண்ணைப் பார்த்துப் பதறக் கூடாது. ரேடன் ஒரே நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும், விடியப்புறம் கூடும், யன்னல் திறந்ததும் விழும். இங்கே குறைந்தது மூன்று மாதம் வைக்கச் சொல்கிறார்கள். படுக்கிற அறையில், கட்டில் உயரத்தில் வையுங்கள். குசினி, குளியலறை, யன்னல் ஓரம், ஏசி காற்று நேராகப் படுகிற இடம் வேண்டாம். சுவரை ஒட்டியும் வேண்டாம்.

பௌதிகம்_ரீச்சர்:

தம்பி சொன்னதோடு நம் காலநிலையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கச்சான் காற்று வீசுகிற வறண்ட காலத்தில் ஒருமுறை, மாரியில் ஒருமுறை பாருங்கள். மாரியில் யன்னலைச் சாத்தி வைப்போம். அதோடு, மழையில் ஊறின மண்ணின் துளைகள் தண்ணீரால் அடைபடும், வாயு வெளியே எழும்ப முடியாது. வீட்டுக்கு அடியில் இருக்கிற மண் மட்டும் காய்ந்திருந்தால் அந்த வழியைத் தேடி வரும். ஆகவே உங்கள் வீட்டின் உண்மையான அளவு மாரியில்தான் தெரியும். ஏசி அறையையும் ஏசி இல்லாத அறையையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இந்த இழையில் நாங்கள் வாதாடினதற்கு உங்கள் வீடே பதில் சொல்லும். அதை இங்கே எழுதுங்கள், அது எங்கள் எல்லாருக்கும் வேண்டும்.

இங்கே அளப்பதற்கு, ஒறுகொடவத்தையில் இருக்கும் இலங்கை அணுசக்தி சபைக்கு எழுதிக் கேளுங்கள். வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் சம்மாந்துறையில் இருக்கிற தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்திலும் பௌதிகம் படிப்பிக்கிறார்கள். ஒரு மாணவரின் ஆய்வுக்குக் கரையோர வீடுகள், வாவிக்கு மேற்கே படுவான்கரை வீடுகள், அம்பாறை உள்பக்க வீடுகள் என்று எடுத்து அளந்தால் எவ்வளவு நல்லது. படுவான்கரையில் வயலைத் தாண்டினால் மணல் முடிந்து பாறை தொடங்குகிறது. கல்லடிக்கு நான் சொல்வதை அங்கே அப்படியே சொல்ல மாட்டேன்.

மேசன்_செங்கலடி:

சரி, வேலைக்கு வருவோம். நான் அந்த வேலைக்கு மேசன் இல்லை, ஆனால் நானாக இருந்தால் இப்படிச் செய்வேன். மண் இறுக்கின பிறகு வீட்டின் நடுவில் ஒரு குழி எடுத்து முக்கால் அங்குலச் சல்லி நிரப்பி, அதற்குள் துளை போட்ட நாலங்குல பிவிசி குழாயைக் கிடத்தி, அதிலிருந்து ஒன்றை மேலே எடுத்து, சுவர் மூலையால் ஏற்றிக் கூரைக்கு வெளியே விடுவேன். அதன் மேலே பொலித்தீன், பொருந்துகிற இடத்தில் ஓரடியாவது ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்ட வேண்டும், அதற்குப் பிறகு கொங்கிறீட். கம்பி கட்டுகிறவர்கள் மேலே நடந்து பொலித்தீனைக் கிழிக்காமல் பார்க்கிறதுதான் பெரிய பாடு. ஒரு சந்தேகம்: மாரியில் எங்கள் நிலத்தில் தண்ணீர் மேலே வரும். குழாய்க்குள் தண்ணீர் நின்றால்?

ரொறன்ரோ_மட்டுநகர்:

அதுதான் சரியான முறை அண்ணே, இங்கே புது வீடுகளில் செய்வதும் ஏறக்குறைய இதேதான். குழாய் நிரப்பின மண்ணுக்குள்ளேயே, வெளி நிலமட்டத்துக்கு மேலே கிடக்கட்டும். அத்திவாரம் இரண்டு மூன்று அடி உயரம் என்றால் இடம் இருக்கிறது. கிடக்கிற குழாய்க்குச் சற்றுச் சரிவு கொடுங்கள், உள்ளே கசிகிற நீர் சல்லிக்கே திரும்ப வேண்டும். மேல் வாய் யன்னலுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. விசிறி இப்போது தேவையில்லை. அளவு கூடுதலாக வந்தால் பூட்ட, கூரைக்குக் கீழே கரண்ட் வயர் ஒன்று மட்டும் இழுத்து வையுங்கள்.

பௌதிகம்_ரீச்சர்:

ஏசி அறைகளுக்கும் ஒரு சொல். காற்றுக்கல்லை முழுதாக விட்டுவிட வேண்டாம். மூடித் திறக்கக்கூடிய காற்றுக்கண் வைத்தால் பகலில் திறந்து, இரவில் பாதி சாத்தலாம். குளியலறையில் காற்று வெளியே தள்ளுகிற விசிறி வைக்கிறீர்கள் என்றால் அறைக்குள் காற்று வர வேறொரு வழியும் இருக்க வேண்டும். எல்லாம் பூட்டியிருக்க விசிறி மட்டும் வெளியே இழுத்தால், அந்தக் காற்றைத் தரை வெடிப்பிலிருந்துதான் எடுக்கும்.

வாவிக்கரை:

மேசன் அண்ணன் எழுதினதை அப்படியே எங்கள் மேசனிடம் காட்டினேன். நாலங்குலக் குழாய் ஏற்கெனவே கிடக்கிறது, சல்லியும் கிடக்கிறது, செய்து தருகிறேன் என்றார். தடித்த பொலித்தீன் நாளைக்கு எடுக்கிறோம். யன்னலுக்கு மேலே மூடுகிற காற்றுக்கண் வைக்கவும் சொல்லிவிட்டேன்.

மாமாவிடம் நேர்ஸ் சொன்ன அந்த மூன்று எண்ணையும் கணவர் வாசித்துக் காட்டினார். ஒன்றும் பேசவில்லை. பிறகு, புது வீட்டுக்குள் கொளுத்த மாட்டேன், முற்றத்து வேம்படியில் ஒரு வாங்கு போட்டுத் தா என்றார்.

கல்முனை_நேர்ஸ்:

அது நல்ல தொடக்கம் அக்கா. வாங்கைப் படுக்கையறை யன்னலுக்குக் கிட்டப் போடாதீர்கள், புகை உள்ளே வரும். அடுத்த கிளினிக் நாளில் அவரைக் கூட்டிப்போய், விட விரும்புகிறார் என்று வைத்தியரிடம் நீங்களே சொல்லுங்கள். இந்த வயதில் விட்டு என்ன பலன் என்று கேட்பார். பலன் இருக்கிறது, எந்த வயதில் விட்டாலும் அன்றிலிருந்தே அபாயம் இறங்கத் தொடங்கும்.